பொத்தான் எப்படிப் படுத்திருக்கிறான்?

தென்காசியில் தையல் கடை வைத்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது. வெட்டு மேசைக்கு அடியில் துண்டுத் துணி போடும் அட்டைப்பெட்டி ஒன்று உண்டு. அதில் எப்போதும் ஒரு பூனை தூங்கும். முன்பு தாய்ப்பூனை தூங்கியது, இப்போது அதன் பிள்ளை பொத்தான். ஆறு வயது, செவலைக் கடுவன்.

வளர்ந்த பூனை ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரம் தூங்கும். நாம் அதன் கத்தலையும் வாலையும்தான் கவனிக்கிறோம். தூங்கிவிட்டால் 'சரி, தூங்குது' என்று விட்டுவிடுகிறோம். பூனை உடம்பு சரியில்லை என்று காட்டிக்கொள்ளாத பிராணி. படுத்திருக்கும் விதம் மட்டும் பெரும்பாலும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் உங்கள் பூனை நன்றாக இருக்கும்போது எப்படிப் படுக்கிறது என்பதை முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். எந்த நேரம், எந்த இடம், கால் எங்கே, தலை எங்கே என்பதெல்லாம் தெரிந்திருந்தால்தான் மாறும்போது கண்ணில் படும்.

மனநிலையைப் பார்ப்பதற்கு முன்னால் வானிலையைப் பார்க்க வேண்டும். பூனையின் உடல் சூடு நம்முடையதைவிட அதிகம், 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும். அறை வெப்பம் 30 டிகிரிக்குக் குறைந்தாலே சூட்டைக் காப்பாற்ற அதன் உடம்பு வேலை செய்யத் தொடங்கிவிடும். எங்கள் ஊரில் ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல் அடிக்கும்போது பொத்தான் வாலை மூக்கின் மேல் போட்டுக்கொண்டு நூல்கண்டு போலச் சுருண்டுவிடுவான். அது பயமோ சோகமோ இல்லை, குளிர். அதே பொத்தான் சித்திரை வெயிலில் சிமெண்டுத் தரையில் நீளமாகக் கிடப்பான். வெயில் காலத்தில் இறுக்கிச் சுருண்டு, தொட்டால் சிலிர்த்துக்கொண்டால்தான் யோசிக்க வேண்டும்.

மல்லாந்து வயிற்றைக் காட்டித் தூங்குவதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. ரவிக்கை வாங்க வந்த ஒரு பெண், "யக்கா, பூனை இப்படிக் கெடக்கே, உசுரு இருக்கா?" என்றே கேட்டாள். பூனைக்கு வயிறுதான் மிக மென்மையான இடம். சண்டையென்றால் முதலில் காக்க வேண்டியதும் அதைத்தான். அதைத் திறந்து போட்டுத் தூங்குகிறது என்றால் அந்த இடத்தில் தனக்கு ஒன்றும் ஆகாது என்று நம்புகிறது. 'தடவு' என்று சொல்வதாக நினைத்துக் கை வைக்காதீர்கள். நிம்மதியாகத் தூங்கட்டும். பாதிக் கண் திறந்து உங்களைப் பார்த்தால் நீங்களும் மெதுவாகக் கண்ணை மூடித் திறந்து காட்டுங்கள். இப்படிக் கண் சிமிட்டும் மனிதரிடம் பூனைகள் எளிதாக வருகின்றன என்று இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020இல் சோதித்துச் சொன்னார்கள். பொத்தானிடம் நான் தினமும் செய்கிறேன்.

இடது பக்கம் படுத்தால் என்ன அர்த்தம், வலது பக்கம் என்றால் என்ன என்றும் கேட்கிறார்கள். 2025இல் ஆராய்ச்சியாளர்கள் 408 யூடியூப் வீடியோக்களைப் பார்த்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பூனைகள் இடது பக்கம் சாய்ந்து தூங்கின. அதையும் பூனையின் மனநிலையையும் முடிச்சுப் போட வேண்டியதில்லை.

தூங்கும்போது மீசை துடிப்பது, பாதம் உதறுவது, மெல்ல முனகுவது எல்லாம் கனவுத் தூக்கம். பிரான்சில் மிஷெல் ஜூவே என்ற தூக்க ஆராய்ச்சியாளர் 1959 வாக்கில் பூனைகளை வைத்துத்தான் இதை விளக்கினார்: மூளை விழித்திருப்பது போல ஓடும், உடம்புத் தசைகள் துவண்டு கிடக்கும். அந்த நேரத்தில் எழுப்ப வேண்டாம். துவண்ட உடம்பால் உட்கார்ந்திருக்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கீழே சொல்லப்போவதற்கு அது வேண்டும்.

முன்கால்களை மடித்து மார்புக்கு அடியில் செருகி, ரொட்டித் துண்டு மாதிரி உட்கார்ந்து கண்ணை மூடுமே, அதுதான் எல்லாரும் தவறாகப் பார்ப்பது. நல்ல பூனையும் அப்படி உட்காரும். கால் மடிந்திருக்கும், முகம் தளர்ந்திருக்கும், கொஞ்ச நேரத்தில் சாய்ந்து படுத்துவிடும்.

இரண்டு வருடம் முன்பு ஆவணி முகூர்த்த நேரம், கை நிறைய வேலை. பொத்தான் பெட்டிக்குப் போகாமல் ஷட்டர் ஓரமாக அப்படி உட்கார்ந்திருந்தான். மறுநாள் காலையிலும் அதே இடம். மெஷினை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து அவனைப் பார்த்தேன். முன்கால் மடியவில்லை, விரல்கள் தரையை அழுத்திக்கொண்டிருந்தன. முதுகு கூன் போட்டிருந்தது. தலை தோளுக்குக் கீழே தொங்கியது. கண் மூடவில்லை, இடுக்கிக்கொண்டிருந்தது. இரண்டு காதும் பக்கவாட்டில் விலகியிருந்தன. வளைந்து தொங்க வேண்டிய மீசை விறைத்து முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. அவன் தூங்கவே இல்லை, வலியைப் பொறுத்துக்கொண்டிருந்தான். மணல் தட்டைப் பார்த்தேன். கிளறிய தடம் நிறைய இருந்தது, ஈரம் ஒரு சொட்டு இல்லை.

சிறுநீர்க்குழாய் அடைப்பு. கடுவன் பூனைகளுக்கு அந்தக் குழாய் குறுகலானது, சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்; கவனிக்காவிட்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். ஆட்டோ பிடித்துப் போனோம். மயக்க ஊசி போட்டுக் குழாய் விட்டு எடுத்தார்கள். அன்று முகூர்த்த ரவிக்கைகள் தைத்து முடியவில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

நான் பார்த்த காது, கண், மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி, மீசை, தலை இவை ஐந்தையும் வைத்துத்தான் மான்ட்ரியால் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் 2019இல் பூனையின் வலியை அளக்க ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள் என்று பின்னால் தெரிந்தது. பூனை விழித்திருக்கும்போதுதான் அதைப் பயன்படுத்த வேண்டும். வலி என்று தெரிந்தால் வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைத் தொடவே தொடாதீர்கள். மனிதருக்குச் சாதாரணமான அந்த மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

அப்புறம் மூச்சு. நன்றாகத் தூங்கும்போது, துடிப்போ குர்ர் சத்தமோ இல்லாத நேரத்தில், விலா ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 30க்குள் இருக்க வேண்டும். திரும்பத் திரும்ப எண்ணியும் கூடுதலாக வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பக்கவாட்டில் சாய முடியாமல் முழங்கையை விரித்து, கழுத்தை நீட்டி உட்கார்ந்திருந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ அப்போதே கிளம்புங்கள்.

இடம் மாறுவதும் அப்படித்தான். மடியில் படுத்த பூனை பீரோவுக்குப் பின்னால் ஒளிந்தாலும், மணல் தட்டிலேயே படுத்தாலும் காரணம் தேடுங்கள். புது ஆள், புதுப் பூனை, வீட்டு வேலைச் சத்தம் என்று எதுவும் இல்லையென்றால் உடம்பைச் சந்தேகப்பட வேண்டும்.

கிளம்பும் முன் ஒரு நிமிடம் செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை மேசையில் எந்தப் பூனையும் பயத்தில் ஒடுங்கித்தான் உட்காரும், அதில் வலி எது பயம் எது என்று பிரிப்பது கஷ்டம். வீட்டில் எப்படிக் கிடந்தது என்று காட்டிவிட்டு, கடைசியாக எப்போது சிறுநீர் போனது, எப்போது சாப்பிட்டது என்றும் சொல்லுங்கள். எங்கள் மருத்துவர் பொத்தானைத் தொடும் முன் கேட்டது அந்த இரண்டையும்தான்.