வடித்த சோற்றை அடுப்பிலேயே விட்டுவிட்டுத் தூங்காதீர்கள்

வெளிநாட்டில் படிக்க விமானம் ஏறுவதற்கு முன்னால் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: பெட்டியில் எவ்வளவு மசாலாப் பொடி வைக்கலாம்? சமைத்த சோற்றை ராத்திரி எங்கே வைப்பது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நானும் அன்று யாரிடமும் கேட்கவில்லை. அதனால் முதல் பருவத்தில் ஒரு தேர்வே கையை விட்டுப் போனது. இந்த வருஷம் வருகிறவர்களுக்காவது அது நடக்காமல் இருக்கட்டும்.

விடுதி விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பொதுச் சமையலறையின் விதிகளை வந்த அன்றே படியுங்கள். பல விடுதிகளில் அறைக்குள் ரைஸ் குக்கரோ மின் அடுப்போ வைக்க விடமாட்டார்கள், வாங்குவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜில் உங்களுக்கு எந்தத் தட்டு என்று தெரிந்துகொண்டு, டப்பாவில் பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். தாளிக்கும்போது எண்ணெயைப் புகைய விடாதீர்கள். அலாரம் அடித்தால் நடுராத்திரியானாலும் கட்டடத்தில் இருக்கிற அத்தனை பேரும் வெளியே வந்து நிற்க வேண்டும்.

இனி சமையல். ஊரில் அடுப்படிப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள்கூட ஒரு மாதத்தில் தேறிவிடலாம். குக்கர் இல்லையே என்று கலங்க வேண்டாம். துவரம்பருப்பைத் திறந்த பாத்திரத்தில் வேகவைக்க உட்கார்ந்தால் பொழுது போய்விடும். அதற்குப் பதிலாக உடைத்த மசூர் பருப்பு வாங்குங்கள். ஊறவைக்காமலே இருபது நிமிடத்துக்குள் குழைந்துவிடும். ஒரு அடுப்பில் அது கொதிக்கட்டும், பக்கத்து அடுப்பில் சோறு: ஒரு பங்கு அரிசிக்கு இரண்டு பங்கு தண்ணீர், கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடிவிடுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு கைப்பிடி உறைந்த காய்கறியைப் பருப்பிலேயே போட்டால் தனியாகக் கறி செய்ய வேண்டியதில்லை. உறைந்த காய் என்றால் முகம் சுளிக்காதீர்கள். விலை குறைவு, நறுக்குகிற வேலை இல்லை, வாடிப்போய்க் குப்பைக்கும் போகாது.

நேரத்தைத் தின்பது வெங்காயம்தான். அது பொன்னிறமாக வர இருபது நிமிடம் ஆகும், வகுப்பு முடிந்து பசியோடு வருகிறவனுக்கு அந்தப் பொறுமை இருக்காது. நான் வாரம் ஒரு நாள் ஆறு வெங்காயம், ஆறு தக்காளி, இஞ்சி பூண்டு எல்லாவற்றையும் மொத்தமாக வதக்கி, ஆறவிட்டு, ஐஸ் கட்டித் தட்டில் ஊற்றி உறைய வைத்துவிடுவேன். இரண்டு கட்டி மசாலா, இரண்டு அவித்த முட்டை, அரை டம்ளர் தண்ணீர் இருந்தால் பத்து நிமிடத்தில் குழம்பு. முட்டைக்குப் பதில் டின் கொண்டைக்கடலையும் போடலாம். ராஜ்மா மட்டும் காய்ந்ததாக வாங்கினால் கவனம் வேண்டும்: ராத்திரி முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதித்த பிறகே சிறு தீயில் வேகவிட வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மா வயிற்றைப் புரட்டிவிடும். டின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது, பயமில்லை.

இப்போது என் கதை. அன்று ஞாயிற்றுக்கிழமை. வாரம் முழுவதற்கும் சேர்த்து ஒரு பெரிய பாத்திரம் நிறையச் சோறு வடித்தேன். முடிக்கும்போது இரவு பத்து. சூடாக எதையும் ஃபிரிட்ஜில் வைக்கக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவன், அதனால் ஆறட்டும் என்று மூடி போட்டு அடுப்பிலேயே வைத்துவிட்டுப் படிக்கப் போனேன். அப்படியே தூங்கியும் போனேன். காலையில் பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே பனி. குளிர்நாடுதானே, ஒன்றும் ஆகியிருக்காது என்று நினைத்தேன். மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. முகர்ந்து பார்த்தேன், வாடையே இல்லை. ஒரு தட்டை மைக்ரோவேவில் ஆவி பறக்கச் சூடாக்கி ஏழரை மணிக்குச் சாப்பிட்டேன். பத்து மணிக்குத் தேர்வு. இரண்டாவது கேள்விக்குப் போவதற்குள் எழுந்து ஓட வேண்டியதாயிற்று. திரும்பி உள்ளே போகவே முடியவில்லை.

சாயங்காலம் மேல்மாடி அக்கா கஞ்சி கொண்டுவந்தார்.

“தம்பி, சோறு ராத்திரி முழுக்க வெளியவா இருந்துச்சு?”

“ஆமாக்கா. ஆனா நல்லா சூடு பண்ணித்தான் சாப்பிட்டேன்.”

“சூடு பண்ணினா கிருமி சாகும்பா. அது கக்கி வெச்ச விஷம் போகாது.”

அந்தக் கிருமிக்குப் பேசில்லஸ் சீரியஸ் என்று பெயர். அதன் வித்துகள் அரிசியிலேயே இருக்கும், சோறு கொதிக்கிற சூட்டிலும் பிழைத்துக்கொள்ளும். சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கிற நேரத்தில் முளைத்துப் பெருகி நஞ்சை விடும். வாடை வராது, நிறம் மாறாது, எத்தனை முறை சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது. சாப்பிட்ட ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி. வெளியே பனி கொட்டினாலும் ஹீட்டர் ஓடுகிற சமையலறை 20 டிகிரிக்கு மேல்தான் இருக்கும் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

அன்றிலிருந்து என் வழக்கம் இது. சோறு வெந்ததும் அகலமான தட்டில் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பிவிடுவேன். அரை மணியில் ஆறிவிடும். பாத்திரத்தோடு வைத்தால் நடுவில் இருக்கிற சோறு மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும், ஃபிரிட்ஜுக்குள் வைத்தாலும் அப்படித்தான். ஒரு மணி நேரத்துக்குள் நாளைக்கு வேண்டியது மட்டும் ஃபிரிட்ஜுக்கு, மீதி ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பிரீசருக்கு. ஃபிரிட்ஜ் 5 டிகிரிக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள், பலர் பங்குபோட்டுத் திறந்து மூடுகிற ஃபிரிட்ஜை நம்ப முடியாது. உறைந்த சோற்றில் ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து, லேசாக மூடி, நடுவிலும் ஆவி வரும் வரை சூடாக்கினால் வடித்த பதத்துக்கே வந்துவிடும். ஒரு முறை சூடாக்கியதை மறுபடி எடுத்து வைக்காதீர்கள்.

அம்மாவிடம் இரண்டு வாரம் சொல்லவில்லை. சொன்னால் அவர் தூங்கமாட்டார். தொலைபேசியில் “என்ன சாப்பிட்ட?” என்று கேட்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கும்.

தேர்வு அலுவலகத்தில் அன்றைய தேதியிட்ட மருத்துவச் சான்று கேட்டார்கள். நான் மறுநாள்தான் மருத்துவரிடம் போயிருந்தேன், அது செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். படுத்துக் கிடந்தவனிடம் தேதியைப் பார்த்தார்களே என்ற ஆத்திரம் இன்னும் எனக்கு ஆறவில்லை. பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் எண்ணை வந்த வாரமே போனில் பதிந்து வையுங்கள். தேர்வு நாளில் உடம்புக்கு முடியாமல் போனால், எழுந்து நடக்க முடியாவிட்டாலும், முதலில் அந்த எண்ணைக் கூப்பிடுங்கள்.