அலை 2 மீட்டர் என்றால் 2 மீட்டர் மட்டும்தானா?

கடல் முன்கணிப்பைத் திறந்தால் ‘அலை உயரம் 2 மீட்டர்’ என்று இருக்கும். சரி, 2 மீட்டர்தானே என்று படகை எடுத்துவிடாதீர்கள். அது மிகப் பெரிய அலையின் அளவு அல்ல. வரும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை எடுத்து, அவற்றின் சராசரியைத்தான் முன்கணிப்பைக் கணக்கிடும் கணினி மாதிரி (model) சொல்கிறது. சில மணி நேரம் கடலில் இருந்தால் ஏறக்குறைய 4 மீட்டர் அலைகூட ஒன்று வரலாம். உங்கள் படகு அதைத் தாங்குமா என்று யோசித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பக்கத்திலேயே நொடிக்கணக்கில் ஓர் எண் இருக்கும். ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வரும் நேரம் அது. பலர் கவனிப்பதே இல்லை. நான் முதலில் பார்ப்பது அதைத்தான். 2 மீட்டர் அலை 12 நொடிக்கு ஒன்றாக வந்தால், ஆழ்கடலில் படகு மெதுவாக ஏறி இறங்கும். அதே உயரம் 5 நொடிக்கு ஒன்று என்றால் செங்குத்தாக எழுந்து அடிக்கும். ஆனால் முகத்துவாரத்தில் கதை வேறு. நீண்ட இடைவெளி அலைதான் ஆழம் குறைந்த மணல்திட்டில் திடீரென உயர்ந்து உடையும். வெளியேறும் நீரோட்டமும் எதிரே இருந்தால் இன்னும் மோசம்.

அப்புறம், உலகளாவிய மாதிரிகள் கடலைப் பல கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்தே கணக்கிடுகின்றன. சின்ன முகத்துவாரம் அதில் தெரியாது. கரையோரத்துக்கென்று தனியாக ஓட்டப்படும் மாதிரி இருந்தால் அதைப் பாருங்கள். அருகில் கடலில் அலையை அளக்கும் மிதவை இப்போது காட்டும் அளவோடும் ஒப்பிடுங்கள். நேரம் யுடிசியில் (UTC, உலகப் பொது நேரம்) இருக்கிறதா, உள்ளூர் நேரத்திலா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.