நெஞ்சுவலியும் ட்ரோபோனினும்: ரத்தப் பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பன், மண்டபம் பக்கம் விடியற்காலையில் கரை திரும்பியவருக்கு நெஞ்சை அடைத்தால், வீட்டில் முதலில் வரும் சொல் ‘வாய்வு’. சோடாவும் பூண்டும் கொடுத்துப் பார்த்துவிட்டு, வலி நிற்கவில்லை என்றதும் லேபுக்குக் கூட்டிப்போய் ரத்தம் கொடுக்கிறார்கள். வரிசை அங்கேயே பிசகிவிடுகிறது. முதலில் எடுக்க வேண்டியது ஈசிஜி. அதுவும் மருத்துவமனைக்குள் நுழைந்த 10 நிமிடத்துக்குள். அதில் எஸ்டி ஏற்றம் (இதய ரத்தக்குழாய் அடைபட்டதைக் காட்டும் கோட்டு மாற்றம்) தெரிந்தால் ரத்த முடிவுக்காகக் காத்திருக்கவே கூடாது.

இதைவிட ஆபத்தானது, ஒரே ஒரு ‘நெகட்டிவ்’ ட்ரோபோனினை நம்பி வீடு திரும்புவது. ட்ரோபோனின் இதயத் தசைக்குள் இருக்கும் புரதம். ரத்த ஓட்டம் நின்று தசை அழியத் தொடங்கிய பிறகுதான் அது ரத்தத்தில் கசியும். சாதாரண சோதனையில் அது தென்பட 3 முதல் 6 மணி நேரம் ஆகலாம். அட்டையில் சொட்டு விட்டுக் கோடு பார்க்கும் சோதனை சிறு அளவுகளைத் தவறவிடும். வலி 5 மணிக்கு வந்து, 6 மணிக்கு எடுத்த ரத்தம் நெகட்டிவ் என்றால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சாதாரண சோதனையை 3 முதல் 6 மணி நேரம் கழித்தும், மிகச் சிறு அளவையும் கண்டுபிடிக்கும் ஹை சென்சிடிவிட்டி சோதனையை 1 முதல் 3 மணி நேரத்திலும் மறுபடி எடுக்க வேண்டும். வலி தொடங்கிய மணி, ரத்தம் எடுத்த மணி இரண்டையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

பாசிட்டிவ் எல்லாம் மாரடைப்பும் இல்லை. நாள்பட்ட சிறுநீரக நோயில் எண் உயர்ந்தே இருக்கும், ஆனால் பெரிதாக மாறாது. மாரடைப்பில் ஏறி இறங்கும். கடும் கிருமித்தொற்றிலும் நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பிலும்கூட ஏறும்.

இரண்டு ஊர் லேப் முடிவுகளை அப்படியே ஒப்பிடாதீர்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 0.04 நானோகிராம் என்பதும் லிட்டருக்கு 40 நானோகிராம் என்பதும் ஒன்றேதான். அலகைப் பார்க்காமல் ஆயிரம் மடங்கு கூடிவிட்டது என்று பதறுவார்கள். ட்ரோபோனினில் ஐ, டி என்று இரண்டு வகையைச் சோதிக்கிறார்கள்; இரண்டுக்கும் அளவுகோலே வேறு.

வலிக்கு இடுப்பில் ஊசி போட்டுக்கொண்டு வருவது இன்னொரு தவறு. தசை ஊசியும், இரவெல்லாம் வலை இழுத்த உழைப்பும் சிகே (தசை பாதித்தால் ரத்தத்தில் கூடும் நொதி) அளவை ஏற்றிக் குழப்பும். அதைவிட, அடைப்பைக் கரைக்கும் மருந்து தர வேண்டி வந்தால் ஊசி போட்ட தசைக்குள் ரத்தம் கசியலாம். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும்; சில கருவிகளில் அது ட்ரோபோனினைக் குறைத்துக் காட்டும்.

மூச்சுத்திணறலுக்குப் பார்க்கும் என்டி-புரோபிஎன்பி (இதயம் திணறும்போது ரத்தத்தில் கூடும் பொருள்) ஒரு மில்லிலிட்டருக்கு 300 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் திடீர் இதயச் செயலிழப்புக்கு வாய்ப்பு குறைவு. உடல் பருமன் உள்ளவர்களுக்கு எண் தாழ்ந்து நிற்கும் என்பதை மறக்கக் கூடாது.

ராமேசுவரத்திலிருந்து பெரிய மருத்துவமனை இருக்கும் ராமநாதபுரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். தமிழக அரசு 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் வேளை மாத்திரைகள் கிடைக்கின்றன. 108-ல் ஏறும்போது அங்கே எடுத்த ஈசிஜி தாளையும், மாத்திரை கொடுத்த மணி எழுதிய சீட்டையும் நோயாளியோடு அனுப்புங்கள்.