லெகோவில் ஓடும் வில்லிஸ் ஜீப்: டயரில் தொடங்கி முகப்பில் முடிப்போம்

முதல்முறையாக மோட்டார் வைத்து லெகோ வண்டி கட்ட உட்காருகிற பலரும் முகப்பிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். கிரில், ஹெட்லைட், பானெட் எல்லாம் அழகாக வந்துவிடும். அப்புறம் மோட்டாருக்கு இடம் இருக்காது. பேட்டரிப் பெட்டிக்கு அதைவிட இருக்காது. நிஜ வண்டி போலவே தெரிந்து, நிஜ வண்டி போலவே ஓடவும் வேண்டுமென்றால் வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்: முதலில் டயர், பிறகு அச்சுகள், பிறகு சட்டகம், எல்லாம் ஓடிய பிறகு உடல்.

இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் வண்டி வில்லிஸ் எம்பி. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் ஓட்டிய ஜீப் இது. 1947-இல் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பொருத்தி விற்கத் தொடங்கியதால் இதன் உருவம் நமக்கும் பழகியதுதான். தொடக்கநிலைக்கு இதைவிட நல்ல வண்டி எனக்குத் தெரியவில்லை. உடலில் பெரும்பாலும் தட்டைப் பலகைகள், வளைவு குறைவு. முன்சக்கர இயக்கத்தைத் துண்டித்துவிட்டுப் பின்சக்கரங்களால் மட்டும் ஓடக்கூடிய வண்டி என்பதால், நாம் பின்சக்கர இயக்கம் மட்டும் வைத்தாலும் நிஜத்துக்குப் புறம்பாகாது.

அளவு: டயர்தான் தீர்மானிக்கும்

பீம் (துளைகளுள்ள சட்டம்), பிளேட் (மெல்லிய தட்டு) எல்லாவற்றையும் வேண்டிய நீளத்துக்குச் சேர்த்துக் கட்டலாம். டயரை மட்டும் அப்படிச் செய்ய முடியாது. லெகோ எந்த விட்டங்களில் தருகிறதோ அவற்றில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். அதனால் அளவு விகிதத்தை டயரிலிருந்தே கணக்கிடுங்கள்.

வில்லிஸின் டயர் 6.00-16 வகை. 16 அங்குல ரிம், மேலும் கீழும் ஏறக்குறைய 6 அங்குல ரப்பர், ஆக 28 அங்குலம், அதாவது சுமார் 711 மி.மீ. லெகோவின் 62.4 மி.மீ. டயரை எடுத்துக்கொண்டால் 711-ஐ 62.4-ஆல் வகுக்க 11.4 வருகிறது. நம் வண்டி 1:11.4 அளவில் இருக்கும்.

இனி எல்லா அளவையும் 11.4-ஆல் வகுத்து, ஒரு ஸ்டட் (லெகோ துண்டின் மேலுள்ள குமிழ்; இங்கே நீள அலகு) 8 மி.மீ. என்பதால் மறுபடி 8-ஆல் வகுக்க வேண்டும். முன்அச்சுக்கும் பின்அச்சுக்கும் இடைவெளி 80 அங்குலம், 2032 மி.மீ.; இது 22 ஸ்டட். அகலம் 62 அங்குலம், 1575 மி.மீ.; இது 17 ஸ்டட். நீளம் சுமார் 3.33 மீட்டர், 36 ஸ்டட் வைக்கலாம். அகலம் ஒற்றைப்படையாக வந்தது நல்லது. லெகோவின் இயந்திரத் துண்டு வரிசையான டெக்னிக்கில் பீம் ஒரு ஸ்டட் தடிமன் என்பதால், 17-இல் சரியாக நடுவே ஒரு ஸ்டட் கிடைக்கிறது. இரு பக்கமும் எட்டு எட்டு. இரட்டைப்படை வந்தால் ஒரு ஸ்டட் கூட்டியோ குறைத்தோ ஒற்றைப்படையாக்கிவிடுங்கள்.

மற்ற அளவுகளுக்கு நேர்ப்பக்கத்திலிருந்து எடுத்த ஒரு படம் போதும். படத்தில் இரு சக்கர மையங்களின் தூரத்தை அளந்து அதை 22 ஸ்டட் என்று வைத்துக்கொண்டால் பானெட்டின் உயரம், கதவுத் திறப்பின் அகலம் எல்லாம் அதிலிருந்தே கிடைத்துவிடும்.

கியர் கணக்கு

இந்த ஒரு விதி தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. இரண்டு லெகோ கியர்களின் பல் எண்ணிக்கையைக் கூட்டி 16-ஆல் வகுத்தால், அவற்றின் அச்சுகளுக்கு நடுவே எத்தனை ஸ்டட் இடைவெளி வேண்டும் என்பது வந்துவிடும். 8 பல்லும் 24 பல்லும் சேர்ந்து 32; இரண்டு ஸ்டட். 12-உம் 20-உம் அதேபோல் இரண்டு. 8-உம் 40-உம் மூன்று. 16-உம் 24-உம் சேர்த்தால் இரண்டரை வரும். பீமின் துளைகள் ஒரு ஸ்டட் இடைவெளியில் இருப்பதால் அந்த ஜோடியை ஒரே பீமில் பொருத்த முடியாது. ஆரம்பத்தில் முழு எண் வருகிற ஜோடிகளோடு நில்லுங்கள்.

அடுத்தது வேகம். மோட்டார் பக்கம் 12 பல், அது சுழற்றுவது 20 பல். அடுத்த கட்டத்தில் 12 பல் சாய்பல் கியர் (சுழற்சியைச் செங்குத்தாகத் திருப்புவது) 28 பல் டிஃபரன்ஷியலை (இட, வலச் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் கியர்) சுழற்றுகிறது. 20/12 × 28/12 = சுமார் 3.9. மோட்டார் நிமிடத்துக்கு 300 சுற்று சுழல்கிறது என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால் சக்கரம் 77 சுற்று சுழலும். 62.4 மி.மீ. சக்கரத்தின் சுற்றளவு 196 மி.மீ. ஆக நிமிடத்துக்கு 15 மீட்டர், மணிக்கு சுமார் 0.9 கி.மீ. இதை 11.4-ஆல் பெருக்கினால், நிஜ ஜீப் மணிக்குப் பத்து கிலோமீட்டரில் கரடுமுரடான பாதையில் போவதற்குச் சமம். ஜீப்புக்கு ஏற்ற வேகம் இதுதான். பொம்மை வண்டி போலச் சீறிப் பாய்ந்தால், உடலை எவ்வளவு நுணுக்கமாகக் கட்டியிருந்தாலும் நிஜத் தோற்றம் அங்கேயே போய்விடும்.

பின்அச்சு

1. 5×7 சட்டகத் துண்டை எடுத்து அதன் உள்ளே டிஃபரன்ஷியலைக் குறுக்காக வையுங்கள். இரு பக்கமும் சக்கர ஆக்ஸில்கள் (சுழலும் தண்டுகள்) வெளியே வரும். முன்பக்கத் துளை வழியாக வருகிற ஆக்ஸிலில் 12 பல் சாய்பல் கியர்.

2. சக்கர ஆக்ஸிலை ஒரே ஒரு துளையில் தாங்காதீர்கள். சட்டகத்தில் ஒன்று, சக்கரத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று என்று இரண்டு இடத்தில் தாங்கினால்தான் வண்டியின் எடையில் சக்கரங்கள் மேல்பக்கம் உள்நோக்கிச் சாயாமல் நிற்கும்.

3. புஷ்களை (ஆக்ஸில் நகராமல் தடுக்கிற சிறு வளையங்கள்) அழுத்தித் தள்ளாதீர்கள். தாளின் தடிமன் அளவுக்கு இடைவெளி விடுங்கள். இப்போது விரலால் சுழற்றிப் பாருங்கள்: விரலை எடுத்த பிறகும் சக்கரம் கொஞ்சமாவது தானாகச் சுழல வேண்டும். உடனே நின்றால் எங்கோ உரசுகிறது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

சுமை ஏறும்போது கியர்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். அப்போது கேட்கிற 'டக் டக்' சத்தம் பல் தாண்டும் சத்தம். இதற்கு மருந்து, கியர் ஜோடியின் இரு பக்கமும் பீம் வைத்து, அந்த பீம்களைக் குறுக்கே இன்னொரு துண்டால் இறுக்கிப் பூட்டுவது. அசையாத இணைப்புக்குக் கறுப்பு அல்லது நீல நிற உராய்வு பின் (துளைகளில் செருகி இணைக்கிற சிறு முளை). சுழல வேண்டிய மூட்டுக்குச் சாம்பல் அல்லது வெளிர்மஞ்சள் நிற வழுவழுப்பான பின். இதை மாற்றி வைத்தால் வண்டி காரணமே தெரியாமல் திணறும்.

முன்அச்சு

நிஜ ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் இலை ஸ்பிரிங் உண்டு. முதல் வண்டியில் அதை விட்டுவிடுங்கள். பின்அச்சைச் சட்டகத்தோடு அசையாமல் இணைத்து, முன்அச்சை மட்டும் நடுவில் ஒரே ஒரு மூட்டில் தொங்கவிட்டு, இடமும் வலமும் சாய விடுவோம். டிராக்டர்களில் இருக்கிற ஏற்பாடு இது. ஸ்பிரிங்கே இல்லாமல், மேடுபள்ளத்தில் நான்கு சக்கரமும் தரையில் படும்.

ஸ்டீயரிங் மோட்டாரிலிருந்து வருகிற ஆக்ஸிலை அந்த நடுமூட்டின் துளை வழியாகவே கொண்டுபோங்கள். பின்சக்கர இயக்கம் மட்டும் என்பதால் அந்த வழி காலியாக இருக்கிறது. ஆக்ஸிலின் முனையில் 8 பல் கியர். அது குறுக்கே கிடக்கிற பற்சட்டத்தை இடமும் வலமும் தள்ளும். பற்சட்டத்தின் இரு முனைகளும் சக்கரங்களைத் திருப்பும். சாய்வு மூட்டும் ஸ்டீயரிங் ஆக்ஸிலும் ஒரே கோட்டில் இருப்பதால், ஒரு சக்கரம் கல்மேல் ஏறி அச்சு சாய்ந்தாலும் திசை மிகச் சிறிதளவுதான் மாறும். ஆக்ஸிலை வேறு வழியில் கொண்டுபோனால் ஒவ்வொரு மேட்டிலும் வண்டி தானாகவே ஒரு பக்கம் இழுக்கும்.

சக்கரம் திரும்புகிற செங்குத்து மூட்டை ரிம்முக்கு எவ்வளவு நெருக்கமாக வைக்க முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வையுங்கள். தள்ளிப்போகப் போக, திரும்பும்போது டயர் பெரிய வட்டமடித்து மட்கார்டில் இடிக்கும்.

மோட்டாரும் மின்சாரமும்

2007-இல் வந்த பவர் ஃபங்ஷன்ஸ் வரிசை அகச்சிவப்பு ரிமோட்டில் இயங்குவது. வெளியே நல்ல வெயிலில் ஓட்டினால் சிக்னல் சரியாகப் போய்ச் சேராது. இப்போதைய பவர்டு அப் வரிசையின் டெக்னிக் ஹப் (பேட்டரியும் கட்டுப்பாடும் உள்ள பெட்டி) புளூடூத் வழியாக மொபைலோடு பேசும். அதன் மோட்டார்களில் கோண உணரி இருப்பதால், ஸ்டீயரிங்கை விட்டதும் சக்கரங்கள் நேராகத் திரும்பிவிடும். புதிதாக வாங்குவதானால் இரண்டு எல் (பெரிய அளவு) மோட்டார், ஒரு ஹப் போதும்.

இரண்டு வரிசையிலும் ஆறு ஏஏ பேட்டரிகள். சாதாரண பேட்டரி ஒவ்வொன்றும் 1.5 வோல்ட், மொத்தம் 9. ரீசார்ஜ் பேட்டரி 1.2 வீதம் 7.2 வோல்ட்தான். வேகம் கொஞ்சம் குறையும், நம் ஜீப்புக்கு அது பாதகமில்லை.

திறந்த வண்டியில் ஹப்பை மறைப்பதுதான் உண்மையான சவால். என் யோசனை, பின் இருக்கை இருக்கும் இடத்தில் அதை வைத்து, மேலே தார்ப்பாய் மூடிய சாமான் போலக் கட்டிவிடுவது. பேட்டரியின் எடை பின்சக்கரங்கள்மேல் விழுவதால் பிடிமானமும் கூடும். பேட்டரி மாற்ற அந்த மூடி எளிதாகக் கழன்று வருமாறு இரண்டு பின்னில் மட்டும் நிற்கட்டும். ஸ்டீயரிங் மோட்டார் பானெட்டுக்குக் கீழே, ஓட்டு மோட்டார் முன்இருக்கைகளுக்கு நடுவே தரையோடு தரையாக.

ஓட்டிப் பாருங்கள்

உடல் கட்டுவதற்கு முன்பே, வெறும் சட்டகத்தோடு, ஒரு கிலோ அளவுக்கு ஏதாவது எடையைக் கட்டி ஓட்டுங்கள். ஒரு முன்சக்கரத்துக்குக் கீழே தடிமனான புத்தகம் வையுங்கள். மற்ற மூன்றும் தரையில் படுகின்றனவா? முழுவதுமாகத் திருப்பி வட்டமடிக்க விடுங்கள். இரு பக்கமும் வட்டம் ஒரே அளவுதானா? பின்பக்கத்தைப் பிடித்து மெல்லத் தடுத்துப் பாருங்கள்; பல் தாண்டுகிறதா, சக்கரம் வழுக்குகிறதா? வழுக்கினால் நல்லது, கியர் பெட்டி உறுதியாக இருக்கிறது என்று பொருள்.

உடல்

ஒரு செங்கலின் உயரம் 9.6 மி.மீ., பிளேட்டின் உயரம் 3.2. அதனால் செங்கல்களை மேலே மேலே அடுக்கினால் 8 மி.மீ. இடைவெளியுள்ள பீம் துளைகளோடு பொருந்தாது. ஆனால் துளையுள்ள இரண்டு செங்கல்களுக்கு நடுவே இரண்டு பிளேட் வைத்தால் துளைகளின் இடைவெளி 16 மி.மீ., சரியாக இரண்டு ஸ்டட். உடலைச் சட்டகத்தில் பூட்ட இந்த அடுக்கு நான்கு மூலையிலும் இருந்தால் போதும். பக்கப் பலகைகளுக்கு ஐந்து பிளேட் தடிமன் இரண்டு ஸ்டட்டுக்குச் சமம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, பிளேட்களைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுங்கள். வழவழப்பான தகரத் தோற்றம் அப்போதுதான் வரும்.

நிறத்தை ஆசையால் தேர்ந்தெடுக்காதீர்கள், கையில் இருக்கும் துண்டுகளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ராணுவப் பச்சைத் துண்டுகள் குறைவாகத்தான் கிடைக்கும். முழுக்கச் சாம்பலில் கட்டிய ஜீப், பாதி பச்சையும் பாதி கறுப்புமாக நிற்கிற ஜீப்பைவிட எவ்வளவோ மேல்.

கிரில்லில் கவனம் தேவை. போர்க்கால வில்லிஸ் எம்பிக்கு ஒன்பது செங்குத்துத் திறப்புகள். பிறகு வந்த சிவிலியன் ஜீப்புகளுக்கு ஏழு. தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். ஹெட்லைட்கள் கிரில்லுக்குப் பின்னே சற்று உள்வாங்கி இருக்கும். ஸ்டீயரிங் இடப்பக்கம். முன்கண்ணாடிச் சட்டம் பானெட்மேல் மடிந்து படுக்கும், அதற்கு இரண்டு சொடுக்குக் கீல்கள். பின்னால் ஸ்டெப்னி டயரும் பெட்ரோல் கேனும்.

இது நன்றாக ஓடிய பிறகு முன்சக்கர இயக்கம் சேர்க்கலாம். அப்போது ஓட்டு ஆக்ஸில் நடுமூட்டு வழியாகப் போக வேண்டியிருக்கும், ஸ்டீயரிங் ஆக்ஸிலை அதற்கு மேலே இரண்டு ஸ்டட் உயர்த்த வேண்டும், முன்சக்கரங்களுக்கு யுனிவர்சல் ஜாயின்ட் (வளைந்த நிலையிலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு) இரண்டு வாங்க வேண்டும். அதற்கான இடத்தைப் பானெட்டுக்குக் கீழே இப்போதே விட்டுவையுங்கள்.