டிஸ்எபிலிட்டி பென்ஷன் மறுப்பு: அப்பீலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கம் பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் பலர் வீட்டு இரும்புப் பெட்டியில் ஒரு பக்கக் கடிதம் ஒன்று கிடக்கும். படைப்பிரிவின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸ் அனுப்பியது. உங்கள் நோய் ராணுவப் பணியால் வந்ததல்ல, பணியால் அதிகமானதும் அல்ல, ஆகவே டிஸ்எபிலிட்டி பென்ஷன் இல்லை என்று அதில் இருக்கும். பட்டாளத்துப் பேச்சில், அந்த ஆங்கில வாசகத்தின் முதலெழுத்துகளைச் சேர்த்து (NANA), இதை ‘நானா’ போட்டுவிட்டார்கள் என்பார்கள். குண்டுக் காயத்துக்கு இந்தக் கடிதம் அதிகம் வராது. எந்த நாள், எந்த இடம் என்று இஞ்சுரி ரிப்போர்ட் சொல்லிவிடும். இரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய், முதுகுத் தட்டு விலகல், மனநோய் ஆகியவைதான் இதில் மாட்டும். அவை ஒரே நாளில் வருவதில்லை. மெல்ல வந்ததற்குச் சாட்சி சொல்ல ஆள் கிடையாது, காகிதம்தான் சொல்ல வேண்டும்.

அப்பீல் தோற்பதும் பெரும்பாலும் அந்தக் காகிதத்தை எடுக்காததால்தான்.

இன்றைய நோயைக் காட்டுவது

மறுப்புக் கடிதம் வந்ததும் பலரும் செய்வது, அவிநாசி ரோட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் எக்கோ, ஸ்கேன் எல்லாம் எடுத்து, இவருக்கு இதயம் இவ்வளவு பலவீனம் என்று சான்று வாங்கி அப்பீலோடு இணைப்பது. மாநில அரசின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் 60 சதவீதம் என்று இருப்பதை முதல் பக்கத்திலேயே குத்துபவர்களும் உண்டு. இரண்டும் கேள்விக்கு வெளியே நிற்பவை. அப்பீல் குழு பார்ப்பது, வெளிவரும்போது உடலைப் பரிசோதிக்கும் ராணுவ மருத்துவர் குழுவான ரிலீஸ் மெடிக்கல் போர்டு பதிந்த நோய், அதன் சதவீதம், அதற்கும் பணிக்கும் உள்ள தொடர்பு ஆகிய மூன்றைத்தான். இன்று நோய் முற்றியிருப்பது அந்தத் தொடர்பை நிரூபிக்காது. முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈசிஎச்எஸ் பாலிகிளினிக்கின் பழைய சீட்டுகளுக்கு மட்டும் ஓரளவு பயன் உண்டு. அதே நோய்க்கு அன்றிலிருந்து விடாமல் மருந்து சாப்பிடுகிறார் என்பதை அவை காட்டும்.

ஓய்வு பெற்றபின் முளைத்த நோய் வேறு கணக்கு. வெளிவந்த 10 ஆண்டுக்குள் தெரியவந்து, அதன் விதை பணிக்காலத்திலேயே விழுந்தது என்று மருத்துவ ரீதியாகக் காட்ட முடிந்தால் விதிகளில் இடம் இருக்கிறது. அங்கே இன்றைய மருத்துவரின் சான்று தேவைப்படும், அதுவும் காரண விளக்கத்தோடு. ‘பணியால் வந்திருக்கலாம்’ என்ற ஒரு வரி போதாது.

தவறான கதவைத் தட்டுவது

“திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்தாச்சுங்க” என்பது நம் பக்கம் அடிக்கடி கேட்கும் பதில். குறைதீர் நாளில் கொடுத்த மனு, முதல்வர் தனிப்பிரிவு, பிரதமர் அலுவலகத்துக்குப் போட்ட ஆன்லைன் புகார், வக்கீல் நோட்டீஸ் எதுவுமே அப்பீல் ஆகாது. அவை சுற்றிச் சுற்றி அதே ரெக்கார்டு ஆபீஸுக்குப் போய், அதே கடிதத்தின் நகல் திரும்பி வரும். அதற்குள் கெடு ஓடிவிடும்.

முதல் அப்பீலுக்கு, மறுப்புக் கடிதம் கைக்கு வந்ததிலிருந்து 6 மாதம். ரெக்கார்டு ஆபீஸ் வழியாக டெல்லியில் உள்ள முதல் அப்பீல் குழுவுக்குப் போகும். அதுவும் மறுத்தால், இரண்டாவது அப்பீல் குழுவுக்கு இன்னொரு 6 மாதம். கடிதம் வந்த உறையைத் தூக்கிப் போட வேண்டாம். தபால் முத்திரைத் தேதிதான் கெடு எப்போது தொடங்கியது என்று காட்டும். அனுப்பும்போது ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, பட்டுவாடா ஆன விவரத்தை அச்செடுத்து வையுங்கள்.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை இதில் சேர்க்கவில்லை. அவர்களால் தீர்ப்புச் சொல்ல முடியாது என்றாலும் மனு எழுதவும் சரியான முகவரிக்கு அனுப்பவும் உதவுவார்கள். மெட்ராஸ் ரெஜிமெண்ட்காரர்களுக்கு ரெக்கார்டு ஆபீஸ் வெலிங்டனில், மேட்டுப்பாளையம் தாண்டினால் மலைமேல். எம்இஜி (மெட்ராஸ் பொறியாளர் படை) என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை நாசிக் ரோடு, சிக்னல்ஸ் ஜபல்பூர், இஎம்இ (மின், இயந்திரப் பொறியாளர் படை) செகந்திராபாத். தன் படைப்பிரிவுக்கு உரியதற்குத்தான் எழுத வேண்டும்.

போர்டு காகிதம் கையில் இல்லாமல் எழுதுவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இது. மறுப்புக் கடிதம் முடிவை மட்டும் சொல்லும். காரணம் மெடிக்கல் போர்டு நடவடிக்கையில், ஏஎஃப்எம்எஸ்எஃப்-16 என்ற படிவத்தில் இருக்கும். அதைப் படிக்காமல் எழுதும் அப்பீல், குற்றப்பத்திரிகையைப் பார்க்காமல் வாதாடுவது போல.

வாங்குவது கடினமில்லை. உங்கள் ரெக்கார்டு ஆபீஸின் மத்தியப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு, 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர். நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். பதிலுக்கு 30 நாள். ‘என் மருத்துவ ஆவணங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் ஏதோ நான்கு பக்கம் வரும். பெயர் சொல்லிக் கேளுங்கள்: ஆளெடுப்பின்போது நடந்த மருத்துவப் பரிசோதனை அறிக்கை, உடல் தகுதியைக் காட்டும் மருத்துவ வகை குறைக்கப்பட்டபோது நடந்த ஒவ்வொரு ஏஎஃப்எம்எஸ்எஃப்-15, ரிலீஸ் அல்லது இன்வாலிடிங் (நோயால் பாதியில் வெளியேற்றும்) போர்டின் ஏஎஃப்எம்எஸ்எஃப்-16 முழுவதும், ராணுவ ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டுகள், யூனிட், இடம், ஃபீல்டா (களப் பகுதி) பீஸா (அமைதிப் பகுதி) என்ற விவரத்தோடு போஸ்டிங் பட்டியல். இதய நோய் என்றால் இன்னொன்றும் வேண்டும். நோய் தாக்கியதற்கு முந்தைய 14 நாள் நீங்கள் என்ன டூட்டி செய்தீர்கள் என்று யூனிட் எழுதிக் கொடுக்கும் அறிக்கை. அந்தப் பதினான்கு நாளில் கடும் வேலை, இரவு டூட்டி, நீண்ட பயணம் இருந்திருந்தால் வழக்கின் எடை அங்கேயே கூடும்.

கெடு நெருங்கிவிட்டால் காகிதத்துக்காகக் காத்திருக்காதீர்கள். சுருக்கமாக ஒரு அப்பீலை உள்ளே போட்டு, ஆவணங்கள் வந்ததும் கூடுதல் மனு தருவேன் என்று அதிலேயே எழுதிவிடுங்கள்.

காகிதம் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் வாக்குமூலப் பகுதி. பணியில் சேரும் முன்பே இந்த நோய் இருந்ததா என்ற கேள்விக்கு என்ன எழுதியிருக்கிறது? ரிலீஸ் அவசரத்தில் கிளார்க் நிரப்பியதில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர்கள் நிறைய. அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு என்று யதார்த்தமாகச் சொன்னது ‘பரம்பரை நோய்’ என்ற முடிவாக மாறியிருக்கும். உடல் எடை, புகை, குடி பற்றிய குறிப்புகளையும் பாருங்கள். இவற்றை மறைக்க வேண்டாம், நேராகப் பதில் சொல்லுங்கள். எடை கூடியது எந்த ஆண்டு, நோய் கண்டது எந்த ஆண்டு என்று தேதி வைத்துப் பிரித்தாலே பல வாதங்கள் உதிர்ந்துவிடும்.

2008 முதல் வெளிவந்தவர்களுக்கான பென்ஷன் தகுதி விதிகளில் இன்னொரு கண்ணி உண்டு. வெளிவந்து 15 ஆண்டுக்குப் பிறகு கோரிக்கை வைத்து, அதற்குள் உங்கள் ஆவணங்கள் கெடு முடிந்து அழிக்கப்பட்டிருந்தால், நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். ஆகவே வழக்குப் போடும் எண்ணம் இப்போது இல்லாவிட்டாலும் நகலை மட்டுமாவது இன்றே வாங்கி வைப்பது நல்லது.

‘பீஸ் ஸ்டேஷனில் வந்தது’ என்பதற்குப் பதில் சொல்லாமல் விடுவது

நாட்பட்ட நோய் மறுப்புகளில் திரும்பத் திரும்ப வரும் காரணம் இது: நோய் பீஸ் ஸ்டேஷனில் கண்டறியப்பட்டது, பணி அழுத்தத்துக்குத் தொடர்பில்லை. மருத்துவ அதிகாரிகளுக்கான 2002 வழிகாட்டி, இரத்த அழுத்தம், சர்க்கரை போன்றவற்றுக்கு ஃபீல்டு, உயர்மலை, தீவிரவாத எதிர்ப்புப் பணியில் இருக்கும்போது தொடங்கினால் பணியால் அதிகமானதாக ஏற்கலாம் என்கிறது. போர்டு அதைத் தலைகீழாகப் பிடித்து, பீஸில் கண்டால் தொடர்பே இல்லை என்று எழுதிவிடுகிறது.

இதற்குக் கண்ணீர் வரிகள் உதவாது. ‘தேசத்துக்காக இளமையைக் கொடுத்தேன்’ என்று இரண்டு பக்கம் எழுதுவதைவிட அரைப் பக்க அட்டவணை வலுவானது. உதாரணத்துக்கு ஒருவர் 2003இல் சேர்ந்தார் என்று வைத்துக்கொள்வோம். 2009 முதல் 2012 வரை காஷ்மீரில் தீவிரவாத எதிர்ப்புப் படையான ராஷ்ட்ரிய ரைபிள்ஸ். 2012இல் பெங்களூரு. 2013 மே மாதம் இரத்த அழுத்தம் என்று பதிவு. போர்டுக்குத் தெரிவது ‘பெங்களூரு, பீஸ்’ மட்டும். அட்டவணையில் அதற்கு முந்தைய மூன்று ஆண்டு காஷ்மீரும் அடுத்தடுத்த வரியில் நிற்கும். இரத்த அழுத்தம் கண்டறியப்படும் நாள் வேறு, தொடங்கும் நாள் வேறு. பீஸுக்கு வந்தபின்தான் ஒழுங்கான பரிசோதனை நடக்கிறது, நோயும் அங்கே காகிதத்தில் ஏறுகிறது. அந்த இடைவெளியை ஒரே பத்தியில் சொல்லுங்கள். நோய் வந்தபிறகு மறுபடி ஃபீல்டுக்கு அனுப்பியிருந்தால் அதைத் தனியாகக் காட்டுங்கள். பணியால் வந்ததல்ல என்றே வைத்தாலும் பணியால் அதிகமானது என்ற இரண்டாவது வாதத்துக்கு அதுதான் ஆதாரம். பலர் முதல் வாதத்தை மட்டும் வைத்துவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள். பென்ஷன் கிடைக்க இரண்டில் ஒன்று போதும்.

அடுத்து போர்டு காரணம் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். 2013இல் உச்ச நீதிமன்றம் தரம்வீர் சிங் வழக்கில் சொன்னது இன்றும் அடித்தளம்: சேரும்போது நோய்க்குறிப்பு இல்லையென்றால் நல்ல உடல்நிலையில் சேர்ந்ததாகவே கொள்ள வேண்டும், பணிக்குத் தொடர்பில்லை என்று காட்டும் பொறுப்பு அரசுடையது, போர்டு காரணம் எழுத வேண்டும். ‘வாழ்க்கைமுறை நோய்’ என்ற இரண்டு சொல் காரணமாகாது.

ஆனால் தீர்ப்பின் பெயரை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துவதும் தவறுதான். அந்த வழக்கு 1982 விதிகளின் கீழ் வந்தது. 2008 ஜனவரி 1 முதல் வெளிவந்தவர்களுக்கு 2008 விதிகள், 2023 செப்டம்பர் 21 முதல் வெளிவந்தவர்களுக்கு 2023 விதிகளும் புதிய மருத்துவ வழிகாட்டியும். உங்கள் வெளிவந்த தேதிக்கு உரிய விதியைச் சொல்லாமல், பக்கத்து ஊர்க்காரர் ஜெயித்த அப்பீலில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினால் அரசு தரப்பு முதல் வரியிலேயே பிடிக்கும். 2008 விதிகளிலும் பொறுப்பு போர்டுக்கே, பீஸ் ஸ்டேஷன் என்பது மட்டும் காரணமாகாது என்று 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு சர்க்கரை நோய் வழக்கில் சொல்லியிருக்கிறது. 2008க்குப் பின் வந்தவர்கள் அதைத் தேடி எடுத்து இணைப்பது பயன் தரும்.

சதவீதக் கணக்கு

பணிக்காலம் முடிந்து வெளிவந்தவருக்கு 20 சதவீதத்துக்குக் கீழே மதிப்பிட்டிருந்தால் டிஸ்எபிலிட்டி பென்ஷன் கிடையாது. 15ஐ 50 ஆக்கிவிடலாம் என்று சொல்லிப் பணம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். 2019 டிசம்பரில் எஸ்.பி. ரத்தோர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. நோயைக் காரணம் காட்டிப் பாதியிலேயே வெளியேற்றப்பட்டவர் நிலை வேறு. 2014இன் சுக்விந்தர் சிங் தீர்ப்புப்படி அவருக்குக் குறைந்தது 20 சதவீதம் என்று கொள்ள வேண்டும்.

20 முதல் 49 வரை இருப்பது 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் உயரும். ஓய்வு பெற்று வந்தவர்களுக்கும் இது பொருந்தும் என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் தீர்ப்பானது. அப்பீலிலும் வழக்கிலும் இதைத் தனிக் கோரிக்கையாக எழுத மறந்தால் 30க்கு 30 மட்டும் வரும். வித்தியாசம் சிறிதல்ல. கடைசி ஊதியம் 40,000 ரூபாய் என்றால் 100 சதவீதத்துக்கு அதில் 30 சதவீதம், அதாவது 12,000. 30 சதவீத ஊனத்துக்கு 3,600. 50 ஆக்கினால் 6,000. இதன்மேல் அகவிலை நிவாரணம் தனி.

ட்ரிப்யூனலுக்குப் போகும்போது

ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளைதான் நமக்கு. அப்பீலுக்குப் பதிலே வராவிட்டால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. 6 மாதம் பதிலில்லை என்றால் அந்த வழி முடிந்ததாகச் சட்டமே கொள்ளும். அடுத்த 6 மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். 2025 ஜனவரி 10 அப்பீல் என்றால், ஜூலை 10 வரை பொறுமை, 2026 ஜனவரி 10 கடைசி. தாமதமானால் காரணத்தோடு தாமத மன்னிப்பு மனு சேர்க்கலாம். பென்ஷன் மாதாமாதம் தொடரும் பாதிப்பு என்பதால் பெரும்பாலும் ஏற்பார்கள். ஆனால் 2008இன் தர்செம் சிங் தீர்ப்பால், நிலுவை வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய 3 ஆண்டுக்கு மட்டும் சுருங்கும். 2010இல் வந்தவர் 2025இல் போட்டால் 12 ஆண்டுப் பணம் போனது போனதுதான்.

வரும் நிலுவையில் பங்கு என்று பேசும் வக்கீலிடம் ஒப்பந்தம் போடாதீர்கள். பார் கவுன்சில் விதியே அதைத் தடுக்கிறது. தொகை பேசி ரசீது வாங்குங்கள். தமிழில் உள்ள சான்றுகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். கணவர் இறந்துவிட்டால் வழக்கும் முடிந்தது என்று வீட்டம்மா விட்டுவிட வேண்டாம். கணவருக்குச் சேர வேண்டிய நிலுவையை வாரிசாக மனைவி தொடர்ந்து கேட்கலாம்.

ஜெயித்த பிறகு நடப்பதையும் கவனியுங்கள். 2023 மார்ச்சில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின், தீர்ப்பாய உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போகும் வழி தெளிவாகத் திறந்திருக்கிறது. அரசும் அதைப் பயன்படுத்துகிறது. உத்தரவு நகல் வந்ததும் சென்னை உயர் நீதிமன்றத்தில் கேவியட் (முன்னெச்சரிக்கை மனு) போட்டு வைத்தால், உங்களைக் கேட்காமல் தடை உத்தரவு வாங்குவது கடினம். கெடுவுக்குள் நிறைவேற்றாவிட்டால் தீர்ப்பாயத்திலேயே நிறைவேற்று மனு போடலாம். புதிய பிபிஓ (பென்ஷன் உத்தரவு) பாதுகாப்புத் துறையின் ஆன்லைன் பென்ஷன் தளமான ஸ்பர்ஷில் ஏறியதும் மூன்று இடத்தைப் பாருங்கள்: சதவீதம் 50 என்று இருக்கிறதா, தொடக்கத் தேதி உத்தரவில் உள்ளதா, ‘ஆயுள் முழுதும்’ என்பதற்குப் பதிலாக ஏதாவது கெடு போட்டிருக்கிறார்களா.