ஆசிரியரின் வளர்ச்சி இலக்கு: எழுதும் முறையும் அளக்கும் முறையும்

ஆண்டுத் தன்மதிப்பீட்டுப் படிவத்தில் ‘தொழில்சார் வளர்ச்சி இலக்கு’ என்றொரு கட்டம் இருக்கும். ‘கேள்வி கேட்கும் திறனை மேம்படுத்துவேன்’, ‘புதிய கற்பித்தல் முறைகளைப் பயன்படுத்துவேன்’ என்று அதில் எழுதுகிறோம். ஆண்டு முடிவில் அது நடந்ததா இல்லையா என்று எழுதியவராலேயே சொல்ல முடிவதில்லை. சோதித்துப் பார்க்கக்கூடிய ஓர் இலக்கை எழுதும் வழி இது. நான் கடைப்பிடிப்பதும் இதைத்தான்.

படி 1: சிக்கலைப் பிடியுங்கள்

பயிற்சி வகுப்புகளின் பட்டியலை இப்போது திறக்க வேண்டாம். ஒரு வாரம், ஒவ்வொரு பாடவேளை முடிந்ததும் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: இன்று வகுப்பு எங்கே சிக்கி நின்றது? திருத்திய விடைத்தாள்களில் பலரும் ஒரே இடத்தில் தவறியிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வார இறுதியில் எது திரும்பத் திரும்ப வருகிறதோ அதுதான் உங்கள் சிக்கல். இதற்கென்று செயலிகள் இருக்கின்றன. எனக்கு எதுவும் பிடிக்கவில்லை. பாடக்குறிப்பேட்டின் ஓரமே போதும்.

ஓர் ஆண்டுக்கு ஓர் இலக்கு. ஐந்து எழுதினால் படிவம் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

படி 2: உங்கள் கையில் இருக்கும் செயலாக மாற்றுங்கள்

‘தேர்ச்சி விகிதத்தை உயர்த்துவேன்’ என்பது நீங்கள் மட்டும் தீர்மானிக்கக்கூடியது அன்று. வகுப்பில் நீங்கள் செய்யும் ஒன்றை எடுங்கள். எடுத்துக்காட்டாக, ‘நான் கேட்டால் நான்கைந்து பேர்தான் பதில் சொல்கிறார்கள்’ என்பது சிக்கல் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கையில் இருப்பது காத்திருப்பு நேரம், அதாவது கேள்வி கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருக்கும் நேரம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்து இதை அளந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருந்தார்கள். அது 3 வினாடிக்கு மேல் நீண்டபோது பதில்கள் நீளமாயின. வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள்.

அவர் இரண்டு இடைவெளிகளைப் பிரித்துச் சொன்னார். ஒன்று, கேள்விக்குப் பின். மற்றொன்று, மாணவர் பதில் சொன்ன பின். இரண்டாவதைத்தான் நாம் ‘சரி, அடுத்து’ என்று விழுங்கிவிடுகிறோம். இப்போதைக்கு முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

படி 3: தொடக்க அளவை எடுங்கள்

எனக்கு அதிக நேரம் பிடித்த படி இதுதான். இதைத் தாண்டிக் குதித்தால் மற்ற எதற்கும் பொருளில்லை. இன்று எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியாமல், நகர்ந்தீர்களா என்று எப்படிச் சொல்வீர்கள்?

முதலில் தலைமையாசிரியரிடம் சொல்லிப் பள்ளியின் விதிப்படி அனுமதி பெறுங்கள். மாணவர்களிடமும் சொல்லுங்கள். காணொளி வேண்டாம், ஒலி போதும். காணொளி என்றால் நீங்களும் நடிப்பீர்கள், அவர்களும் நடிப்பார்கள். கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைத்து மேசையில் வையுங்கள். சிறப்பாகத் தயாரித்த பாடம் வேண்டாம். ஒரு சாதாரணப் பாடவேளையைப் பதியுங்கள். அதில் கேள்வி பதில் நடக்கும் 10 நிமிடங்களை மட்டும் எடுங்கள்.

இனி மூன்றை எண்ணுங்கள்: எத்தனை கேள்விகள், எத்தனை வெவ்வேறு மாணவர்கள் பதில் சொன்னார்கள், எத்தனை கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள். மூன்றாவது எண் உங்களைத் திடுக்கிட வைக்கலாம்.

அடுத்தது இடைவெளி. கைப்பேசியின் கடிகாரம் முழு வினாடிகளை மட்டும் காட்டினால், ஒரு வினாடிக்கும் ஒன்றரை வினாடிக்கும் வேறுபாடு தெரியாது. கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். ஒலி அலைவடிவமாகத் தெரியும். மௌனம் தட்டையாக இருக்கும். அந்தப் பகுதியைச் சுட்டியால் தேர்ந்தெடுத்தால் அதன் நீளம் கீழே ஆயிரத்தில் ஒரு வினாடி வரை துல்லியமாகக் காட்டும். வகுப்பு இரைச்சலில் கோடு முழுத் தட்டையாக இருக்காது. உங்கள் குரல் நிற்கும் இடத்தைக் காதால் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

பின்னர்ச் சேர்த்தது: கோப்பு திறக்கவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். பல கைப்பேசிகள் எம்4ஏ வடிவில் சேமிக்கின்றன. விண்டோஸில் ஆடாசிட்டி அதைத் திறக்க எஃப்எஃப்எம்பெக் என்ற கூடுதல் மென்பொருள் வேண்டும். அதை நிறுவ விருப்பமில்லை என்றால், பதிவுச் செயலியின் அமைப்புகளில், ஆடாசிட்டி நேரடியாகத் திறக்கும் வேவ் வடிவம் இருக்கிறதா என்று பாருங்கள்.

எண்ணி முடித்ததும் பதிவை அழித்துவிடுங்கள். எண்கள் மட்டும் போதும்.

(வகுப்பறைப் பேச்சை வகைப்படுத்திக் குறிக்கும் ஃபிளாண்டர்ஸ் முறையைக் கல்வியியல் படிப்பில் படித்தவர்கள் அதைப் பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். 3 வினாடிக்கு ஒருமுறை 10 வகைகளில் ஒன்றைக் குறிக்க வேண்டும். ஆய்வாளருக்குச் சரி. பாடம் நடத்திவிட்டு வந்து உட்காரும் ஆசிரியருக்கு அது தண்டனை.)

படி 4: இலக்கை எழுதுங்கள்

‘எட்டாம் வகுப்பு அறிவியலில், சிந்தித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்விகளுக்குப் பின் குறைந்தது 3 வினாடி காத்திருப்பேன். பருவ முடிவில், 10 நிமிடப் பதிவில் பாதிக்கு மேற்பட்ட கேள்விகளில் இது காணப்பட வேண்டும்.’

‘ஸ்மார்ட்’ விதிக்கு (தெளிவு, அளக்கத்தக்க தன்மை, பொறுப்பாளர், எட்டத்தக்க தன்மை, காலவரை என்று நல்ல இலக்கின் ஐந்து கூறுகளைச் சொல்லும் ஆங்கிலச் சுருக்கம்) பொருந்துகிறதா என்று மேலதிகாரி கேட்டால், பொருந்துகிறது. 1981இல் அந்தச் சுருக்கத்தை முன்வைத்த ஜார்ஜ் டோரனே எல்லா இலக்குகளுக்கும் ஐந்து கூறுகளும் இருந்தாக வேண்டும் என்று சொல்லவில்லை. அதற்காக மல்லுக்கட்ட வேண்டாம்.

இலக்கின் கீழே ஒரு ‘அப்போது – இப்படி’ வரியும் எழுதுங்கள். எந்தத் தருணத்தில் எதைச் செய்வோம் என்று முன்கூட்டியே முடிவு செய்வது இலக்கை நிறைவேற்ற உதவும் என்பது உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வு முடிவு. ‘கேள்வியை முடித்ததும் மனத்துக்குள் மூன்று எண்ணுவேன்’ என்று எழுதத் தோன்றும். படபடப்பில் அந்த மூன்று ஒரே வினாடியில் ஓடிவிடும். ‘கேள்வியை முடித்ததும் இடப்பக்க வரிசையிலிருந்து வலப்பக்கம் வரை ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன்’ என்று எழுதுங்கள். கண் நகர நேரம் எடுக்கும். வாய் அதுவரை மூடியிருக்கும்.

படி 5: ஒரு சக ஆசிரியரை அழையுங்கள்

‘வகுப்பைப் பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் ‘நன்றாக இருந்தது’ என்பார். ‘யார் யார் பதில் சொல்கிறார்கள் என்று இருக்கை வரைபடத்தில் புள்ளி வையுங்கள்’ என்று கேளுங்கள். ஜப்பானியப் பாட ஆய்வு முறையில் ஆசிரியர்கள் சேர்ந்து பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்தும்போது மற்றவர்கள் மாணவர்களைத்தான் கவனிப்பார்கள். அந்தப் பழக்கத்தை இங்கே கடன் வாங்கலாம். பயிற்சி வகுப்பு தேவையா என்பது இந்தப் புள்ளிகளைப் பார்த்தபின் தெரியும்.

படி 6: மீண்டும் அளங்கள்

ஆறு வாரம் கழித்து, அதே வகுப்பில், அதே வகைப் பாடத்தில். இரண்டு எண் தாள்களையும் அருகருகே வையுங்கள். உங்கள் பணிக்கோப்புக்கு அவையே சான்று.

காத்திருந்தும் அதே நான்கைந்து பேர்தான் கத்துகிறார்கள் என்று ஒருவர் எழுதினார். அப்படியானால் சிக்கல் நேரத்தில் இல்லை. யாரை அழைப்பது என்பதில் இருக்கிறது. கை தூக்குவதை நிறுத்திவிட்டுப் பெயர்ச் சீட்டு எடுங்கள். ஆனால் முதலில் கேள்வி, பிறகு காத்திருப்பு, அதன் பின்னரே சீட்டு. பெயரை முதலில் சொன்னால் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

மதிப்பெண் சார்ந்த இலக்கைத்தான் எழுத வேண்டும் என்று சில பள்ளிகளில் கட்டாயம் இருக்கிறது. அங்கே மதிப்பெண்ணை முதல் வரியாக எழுதி, அதற்காக வகுப்பில் நீங்கள் செய்யப்போவதை இரண்டாம் வரியாகச் சேருங்கள். ஆறு வாரம் கழித்து அளக்க வேண்டியது அந்த இரண்டாம் வரியை.