அம்மானின் வெப்லியும் இறுகிய சிலிண்டரும்
காரைக்குடியில் அம்மானிடமிருந்த பழைய வெப்லி (இங்கிலாந்துத் தயாரிப்பு) டபுள் ஆக்‌ஷன் ரிவால்வரை, 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின்படி என் உரிமத்தில் முறையாகப் பதிவு செய்து வாங்கினேன். விசையை இழுத்தால் சுத்தியல் பின்வாங்கவும், அதே இழுப்பில் குண்டு அறைகள் கொண்ட சிலிண்டர் ஓர் அறை சுழலவும் வேண்டும். இரண்டும் பாதியில் நின்றன. கீலை மடித்துத் திறந்து, குண்டில்லை என்பதை இருமுறை உறுதிசெய்தபின் பார்த்தால், சிலிண்டர் அச்சில் பழுப்புப் பாகாக இறுகியிருந்தது தேங்காய் எண்ணெய். பலகாரச் சட்டிக்கு உரியதை இதில் ஊற்றிய புண்ணியவான் யாரோ! மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் அதைத் துடைத்தெடுத்து, தையல் எந்திர எண்ணெய் ஒரே துளி விட்டதும் சிலிண்டர் சுழன்றது. உள்ளிருக்கும் ஸ்பிரிங்குகளை நான் தொடவில்லை. அவற்றை உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடமே விட்டேன். தோலுறை ஈரத்தை இழுத்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யுமாதலால், ரிவால்வரை எண்ணெய்த் துணியில் சுற்றி இரும்புப் பெட்டகத்தில் பூட்டியிருக்கிறேன். உறை தனியே ஆணியில் தொங்குகிறது.